கழுகுமலைக்கு ஒரு படம்

12.1.1997, ஞாயிறு

உதிரிபாகக் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுத இன்று ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

காலை ஏழு மணிக்கு வழக்கம்போல மொட்டைமாடி அறையில் வானொலியைத் திறந்தேன். கழுகுமலையிலிருந்து லூர்து டீச்சர் அலையில் வந்தார். அங்கே பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர். என்னைப் போலவே, வீட்டிலிருந்து வானொலியில் பேச அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கியவர். ஆறு வருடமாக ஞாயிறுதோறும் பேசுகிறோம். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

“அண்ணாச்சி, எத்தன வருசத்துக்குத்தான் வெறுங் கொரலையே கேட்டுக்கிட்டு இருக்கது? நீங்க டிவி ரிப்பேர் பாக்குத ஆளு. படம் அனுப்புத மெசின் ஒண்ணு கட்ட முடியாதா?”

“முடியும் டீச்சர். பத்தொம்பது கிலோமீட்டர்தான? நடுவுல ஒண்ணும் மறைக்கல.”

சொல்லி முடித்த பிறகுதான் முடியுமா என்று யோசித்தேன். உரிமத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். படம் அனுப்பவும் அனுமதி இருக்கிறது. இத்தனை நாள் அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி செண்பகத்திடம் சொன்னேன். அவள் கையால் பேச்சிக்குச் சொன்னாள். பேச்சியம்மாள் என் தங்கை. முப்பத்தாறு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பெயர் வைத்தபோது வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற வேலை. என் வானொலி அறைக்கு அவள் வந்ததே கிடையாது. வந்து என்ன செய்வாள்?

இன்று சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு மேலே வந்தாள். பில் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்.

“படமா? பேச்சு இல்லையா?”

“படம்தான்” என்று எழுதினேன்.

“எந்த ஊருக்கு?”

“கழுகுமலை.”

அந்தத் தாளை மடித்துக் கொண்டுபோய்விட்டாள். எதற்கென்று தெரியவில்லை.

16.1.1997, வியாழன்

கரிநாள். கடை அடைப்பு. நாள் முழுக்க வேலை ஓடியது. கேபிள் டிவிக்காரர் கழித்துப் போட்ட மாடுலேட்டர் ஒன்றைப் பிரித்து நம் அலைவரிசைக்கு மாற்றினேன். கேமராவிலிருந்து வரும் படத்தை வானொலி அலையின் மேல் ஏற்றி வைக்கிற வேலை அதனுடையது. கேமரா, ஒரு நகைக்கடையில் கழற்றிய கறுப்பு வெள்ளைக் கண்காணிப்புக் கேமரா. கடைசியில் அலைக்குப் பலம் கொடுக்கும் பவர் டிரான்சிஸ்டர். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதை நம்பித்தான் எல்லாம்.

பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து சால்டரிங் அயர்னை வாங்கிக்கொண்டாள். ஈயம் முத்து முத்தாக உட்கார்ந்தது. என் கை இந்த வயதில் லேசாக நடுங்குகிறது. அவளுக்கு இல்லை. தினமும் லேபிள் வெட்டுகிற கை.

19.1.1997, ஞாயிறு

மாடியில் இருபதடிக் குழாய் நட்டோம். உச்சியில் பதினோரு குச்சி ஆண்டெனா. அது பார்க்கிற திசைக்குத்தான் படம் போகும். கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை. நிறையப் பிசகினால் பருத்திக்காடுதான் படம் பார்க்கும்.

செண்பகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டே திட்டினாள். “இது சாஞ்சா ராஜகனி அக்கா வீட்டு ஓட்டுலதான் விழும். அப்புறம் நீங்கதான் அங்க போயி தலையச் சொறிஞ்சிக்கிட்டு நிக்கணும்.”

நான் வரைபடத்தை விரித்துத் திசைகாட்டியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் பேச்சி குழாயைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். மேற்கே, கொஞ்சம் தெற்கே ஒதுக்கி. கணக்கு முடிந்ததும் ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அவள் கழுகுமலைக்குப் போனதே இல்லை. எப்படித் தெரியும் என்று செண்பகத்தை விட்டுக் கேட்டேன். பஸ் போகிற ரோட்டைக் காட்டினாள். அந்த ரோட்டில் அவளுக்கு என்ன வேலை?

25.1.1997, சனி

ஆண்டெனாவுக்குப் பதிலாக எண்ணெய் டப்பாவுக்குள் வைத்த ஒரு ரெசிஸ்டரை இணைத்துச் சோதனை. டப்பா சுட்டது. அப்படியென்றால் சக்தி வருகிறது.

26.1.1997, ஞாயிறு

இன்று ஆண்டெனாவை இணைத்தேன். முதலில் ஆண்டெனா, பிறகு மின்சாரம். மாற்றிச் செய்தால் வெளியே போக வழியில்லாமல் அந்தச் சக்தி திரும்பி வந்து டிரான்சிஸ்டரை எரித்துவிடும்.

கேமராவுக்கு முன்னால் அசைகிற பொருள் ஏதாவது வேண்டும். பேச்சி கீழேயிருந்து முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ராஜகனி அக்கா வாசலில் நின்று கத்தினார்.

“யய்யா சீனிராஜு! குடியரசு நாளு ஊர்வலம் பாத்துக்கிட்டிருக்கேன், குதிரைக்காரன் போற எடத்துல ஒங்க தங்கச்சி உக்காந்து வெங்காயம் உரிக்கா!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். அவர் வீட்டுக் கேபிளில் ஒரு மூட்டு விரிந்து கிடந்தது. அந்த வழியாக நம் படம் உள்ளே போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு மூட்டை மாற்றிக் கொடுத்தேன். நம் பக்கமும் ஒரு வடிகட்டி போட வேண்டும். அக்காவுக்குக் கோபமே இல்லை. “பேச்சி நல்லா வெளிச்சமாத்தான் இருந்தா” என்றார்.

வீட்டில் பேச்சி சிரித்துக்கொண்டே செண்பகத்திடம் நடந்ததைச் சொன்னாள். நடுவில் காதோரம் விரல்களை வைத்துத் திருகுவதுபோல் அடிக்கடி செய்தாள்.

“அது என்னது?” என்றேன்.

“அது நீங்க. ரேடியோவ முறுக்குத ஆளு. ஒங்க பேரு.”

“எப்போ இருந்து?”

“அவ பள்ளிக்கூடம் படிக்கும்போதே வச்ச பேராம்.”

எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இன்றுதான் தெரியும்.

2.2.1997, ஞாயிறு

கழுகுமலைக்கு முதல் முயற்சி. படத்தை டிவி வழியாகவும் பேச்சைக் கையில் பிடித்துப் பேசும் வானொலிக் கைக்கருவி வழியாகவும் வைத்துக்கொண்டோம்.

“டீச்சர், இப்ப?”

“டிவியில மழ பெய்யுதாப்புல இருக்கு அண்ணாச்சி.”

“இப்ப?”

“இன்னும் பலத்த மழ.”

இரண்டு மணி நேரம் போராடினேன். எல்லாம் சரியாக இருந்தது, படம் மட்டும் போகவில்லை. கடைசியில் பேச்சி ஆண்டெனாவின் அடியில் உள்ள இணைப்பைத் தட்டிக் காட்டினாள். கழற்றினேன். கேபிளின் வெளி வலையிலிருந்து ஒரே ஒரு இழை, முடியைவிட மெல்லியது, நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நறுக்கிவிட்டு மறுபடி மாட்டினேன். கேமரா விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

“அண்ணாச்சி! ஒரு மூஞ்சி! மீச இருக்கு!”

அது நான்தான்.

9.2.1997, ஞாயிறு

படம் தெளிவாகப் போகிறது. ஆனால் எவ்வளவு தெளிவு என்று அளக்க ஒரு சோதனை அட்டை வேண்டும். கோடுகள், வட்டங்கள், கறுப்பிலிருந்து வெளுப்புவரை கட்டங்கள்.

“அதுக்கு எங்க தெருவுலயே ஆளு இருக்கு” என்றார் டீச்சர். “போர்டு எழுதுவாரு, தீப்பெட்டி லேபிளுக்கு டிசைன் போடுவாரு. கோடு இழுத்தா ஸ்கேல் தோத்துரும். காது கேக்காது, பேச மாட்டாரு. எழுதிக் காட்டுனா போதும்.”

பெயர் கேட்கவில்லை. ஓவியர் பெயர் அட்டைக்கு எதற்கு?

11.2.1997, செவ்வாய்

தலைவலி. கடை திறக்கவில்லை.

16.2.1997, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டீச்சர் வீட்டுக்கு ஓவியர் அட்டைகளோடு வந்திருந்தார். ஒன்று அவர்களுக்கு, ஒன்று பஸ்ஸில் எனக்கு அனுப்ப. படம் எப்படி வருகிறது என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்றார் டீச்சர். நான் வேறு எதையாவது வைத்திருக்கலாம். பேச்சி தானாகவே கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். புதுச் சேலை. நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

“அண்ணாச்சி, அட்டைய அப்படியே கீழ போட்டுட்டாரு.”

“யாரு?”

“ஆர்ட்டிஸ்ட்டுதான். டிவிகிட்ட போயி கண்ணாடியத் தொடுதாரு. ஒங்க தங்கச்சியத் தெரியும் போல. கைய ஆட்டி என்னமோ சொல்லுதாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. தவசி, தவசி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க... அட, அவருக்கு எங்க கேக்கப்போவுது.”

நான் கைக்கருவியின் சத்தத்தைக் குறைத்தேன். ஏன் குறைத்தேன் என்று தெரியவில்லை. பேச்சிக்கு எப்படியும் கேட்காது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் எழுதினாள். “அங்கே யார்?”

“டீச்சர்” என்று எழுதினேன்.

தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் எழுத்துக்குக் கீழே அவளே எழுதினாள். “தவசி?”

தலையசைத்தேன். வேறு என்ன செய்ய?

அவள் கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். பத்து நிமிடம் இருக்கும். அவள் கைகள் அந்த வேகத்தில் ஓடி நான் பார்த்ததில்லை. வீட்டில் எங்களிடம் சாப்பாடு, தண்ணீர், கரண்டு, யார் வந்தது என்கிற அளவில்தான் பேசுவாள். அவ்வளவுதான் அவளிடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இது தோள், புருவம், உதடு, எல்லாம் சேர்ந்த பேச்சு.

“என்ன சொல்லுதா?” என்று செண்பகத்திடம் கேட்டேன்.

“பாளையங்கோட்டப் பள்ளிக்கூடத்துக் கத. எனக்கே பாதிதான் பிடிபடுது.”

திடீரென்று நிறுத்திவிட்டுப் பேச்சி டிவியைக் காட்டினாள். பதில் எங்கே? இங்கிருந்து அங்கே மட்டும்தான் போகும், அங்கிருந்து இங்கே வராது என்று எழுதிக் காட்டினேன்.

“வரவையுங்கள்” என்று எழுதினாள்.

19.2.1997, புதன்

டீச்சர் வீட்டுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்ட வேண்டும். கேமரா அவர் தெருவில் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் கிடைக்குமாம். பவர் டிரான்சிஸ்டர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எழுதிப் போட்டிருக்கிறேன். எப்போது வருமோ.

26.2.1997, புதன்

மெட்ராஸ் பார்சல் இன்னும் வரவில்லை என்று பேச்சியிடம் சொன்னேன். அது திங்கட்கிழமையே வந்துவிட்டது. பிரிக்க நேரமில்லை. கடையில் டிவிகள் குவிந்து கிடக்கின்றன.

2.3.1997, ஞாயிறு

இரண்டாவது டிரான்ஸ்மிட்டரைச் சோதித்தேன். ஆண்டெனாவையும் இணைக்காமல், எண்ணெய் டப்பாவையும் இணைக்காமல் மின்சாரம் கொடுத்துவிட்டேன். ஒரு நொடிதான். டிரான்சிஸ்டர் போய்விட்டது.

பதினெட்டு வருடத் தொழிலில் இந்தத் தவற்றை நான் செய்ததில்லை. எப்படி மறந்தேன்?

பேச்சி அந்தக் கறுத்த டிரான்சிஸ்டரை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

5.3.1997, புதன்

“பார்சல்ல ரெண்டு இருந்துச்சே, இன்னொண்ணு எங்க?” என்று கேட்டாள் செண்பகம்.

“எது ரெண்டு?”

“நான் பாத்தேங்க. மேசைக்கு அடியில, சுருட்டுன வயருக்குப் பின்னால.”

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு அந்தப் பழத்தட்டத் திருப்பிக் குடுக்கச் சொன்னது நீங்க. குடுத்தது நான். நீங்க மறந்திருக்கலாம்.”

கடைக்குப் போய்விட்டேன்.

9.3.1997, ஞாயிறு

டீச்சரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். “அந்த ஆர்ட்டிஸ்ட்டுக்குக் குடும்பம் இருக்கா?”

“இருக்கே. வீட்டுக்காரி குருவம்மா. அவளுக்கும் காது கேக்காது. ரெண்டு பிள்ளைக. ரெண்டுக்கும் நல்லாக் கேக்கும், மூத்தவ வாய மூடவே மாட்டா, என் கிளாஸ்லதான் படிக்கா.”

கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இத்தனை வருடமாக எனக்குள் இருந்த கேள்வி. பதில் கிடையாது என்று நான் முடிவு கட்டிவிட்ட கேள்வி.

“டீச்சர், ரெண்டு பேருக்கும் காது கேக்காதுன்னா, பச்சப்பிள்ள ராத்திரி அழுதா யாரு கேட்டிருப்பா?”

“எனக்கும் தெரியல அண்ணாச்சி. இருங்க, தவசி திண்டுக்கல் பூட்டுக் கடை போர்ட எழுதிக்கிட்டு எதுத்தாப்புலதான் இருக்காரு. கேட்டுட்டு வாறேன்.”

கால் மணி நேரம். கைக்கருவியைக் காதிலேயே வைத்திருந்தேன்.

“அண்ணாச்சி, பிள்ள கால்ல ஒரு நாடாவக் கட்டி, மறு நுனியக் குருவம்மா மணிக்கட்டுல கட்டிக்கிடுவாளாம். பிள்ள அழுதா காலு உதைக்கும்லா? நாடா இழுக்கும், முழிச்சிக்கிடுவா. ஒரு நாளு கூடப் பிள்ள அழுது அவ தூங்குனது இல்லையாம். இதக் கேக்க ஒரு ஆளா அப்படின்னு சிரிக்காரு.”

ஒரு நாடா.

10.3.1997, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

1986 ஆவணி மாதம். அப்போது வேறு ஊரில் இருந்த தவசியின் அப்பா தட்டில் பழம், பூ, வெற்றிலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தவசியும் வந்திருந்தான். பேச்சியோடு பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் படித்தவன். பள்ளி முடிந்த பிறகும் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் முடிவெடுக்கிறவன் நான். பேச்சி அச்சகத்தில் இருந்தாள்.

“ரெண்டு பேருக்கும் கேக்காது. நாளைக்கு ஒரு பிள்ள பெறந்து அழுதா யாரு கேப்பா?” என்று சொன்னேன். தவசி எங்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. இனிமேல் கடிதமும் எழுத வேண்டாம் என்றேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

பேச்சி வரும்போது அவர்கள் போய்விட்டார்கள். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல எனக்குச் சைகை தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். இரண்டு கடிதம் எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. சில மாதம் தபால்காரரை வாசலில் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிற்கவில்லை.

அவள் நன்மைக்கு என்று நினைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர்களிடமே கேட்டிருந்தால் ஒரு நாடாவில் முடிந்திருக்கும்.

இரண்டாவது டிரான்சிஸ்டரை எடுத்துப் பொருத்திவிட்டேன். எண்ணெய் டப்பா சுட்டது.

16.3.1997, ஞாயிறு

காலை பஸ்ஸில் டிரான்ஸ்மிட்டரை மடியில் வைத்துக்கொண்டு கழுகுமலை போனேன். டீச்சரை முதல்முறையாக நேரில் பார்த்தேன். குரலைவிடக் குட்டையாக இருந்தார்.

ஆண்டெனாவை ஏற்ற ஏணி வேண்டும் என்றதும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தது தவசி. முன்நெற்றி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காதோரம் விரல் வைத்துத் திருகினார். பிறகு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் ஏறக் காத்திருந்தார்.

பதினைந்து படி. மேலே நின்று கிழக்கே ஆண்டெனாவைத் திருப்பும்போது கீழே பார்த்தேன். அவர் ஏணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துத் தளத்தில் எழுதினார். “நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி?”

தலையசைத்தேன்.

“பேச்சிக்குத் தெரியுமா?”

சாக்பீஸை வாங்கி “தெரியாது” என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்தார். காலால் இரண்டு வரியையும் அழித்துவிட்டார்.

காப்பி அவர் வீட்டில்தான். குருவம்மா கொடுத்தாள். மூத்த மகளிடம் அந்த நாடாவைப் பற்றிக் கேட்டேன். “அதுவா? அது இப்ப எம் பாவாடையில இருக்கு மாமா” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டீச்சருக்கு இயக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் ஆண்டெனா, பிறகு மின்சாரம். ஒருவர் அனுப்பும்போது மற்றவர் பார்க்க வேண்டும். முடித்ததும் சுவிட்சை மாற்ற வேண்டும்.

22.3.1997, சனி

பங்குனி உத்திரக் கூட்டம். தவசிக்குப் போர்டு வேலை முடியவில்லை. அடுத்த ஞாயிறுக்கு வைத்துக்கொண்டோம். அதற்குள் பேச்சிக்கு நானே சொல்லிவிட வேண்டும். மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.

30.3.1997, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு எங்கள் டிவியில் மழை விலகித் தவசியின் முகம் வந்தது. பின்னால் அவர் வரைந்த அட்டை. படத்தில் ஒரு குறையும் இல்லை. டீச்சர் ஒரே முறையில் சரியாகச் செய்துவிட்டார்.

பேச்சி டிவிக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். தவசி பேசினார். பிறகு சுவிட்சை மாற்றினோம், இவள் பேசினாள். மறுபடி மாற்றினோம். குருவம்மா வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள். செண்பகம் என் பக்கத்தில் நின்று தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாத்தியார் ஒருவரைக் கிண்டல் செய்கிறார்கள். யாரோ ஒரு தோழி இறந்துவிட்டாள். திருநெல்வேலியில் இவர்களைப் போன்றவர்கள் கூடுகிற சங்கம் இருக்கிறது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு பேச்சியின் கைகள் மெதுவாயின.

“என்ன கேக்கா?” என்றேன்.

“ஏன் வரலன்னு கேக்கா. ஏன் எழுதலன்னு.”

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுவிட்ச் என் கையில் இருந்தது. மாற்றினால் பதில் வரும். கேபிளைத் தட்டிவிட்டால் போதும், மழை பெய்யத் தொடங்கிவிடும். அதையும் நினைத்தேன், மறைக்கவில்லை.

மாற்றினேன்.

தவசி காதோரம் விரல் வைத்துத் திருகினார். திறந்த கையால் இந்தப் பக்கம் காட்டினார். அது எனக்கே புரிந்தது. உன் அண்ணனிடம் கேள்.

சோதனை அட்டையைத் திருப்பி வைத்து, பின்பக்கம் மார்க்கரால் பெரிதாக எழுதினேன். சுவிட்சை மாற்றினேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து, இருவருக்கும் தெரிகிற மாதிரி அட்டையை மார்பில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தவசி வந்தார். பழத்தட்டோடு வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். கடிதம் எழுதக்கூடாது என்றதும் நான்தான். உன்னிடம் மறைத்தேன்.”

பேச்சி படித்தாள். முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தாள். எழுந்து கீழே போய்விட்டாள்.

1.4.1997, செவ்வாய்

பேச்சி அச்சகத்துக்குப் போனாள், வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

3.4.1997, வியாழன்

அப்படியேதான். செண்பகத்திடம் தினம் பத்துச் சைகை கற்றுக்கொள்கிறேன். “வெரல மடக்குங்க, நட்டு முறுக்குத மாதிரி இருக்கு” என்கிறாள்.

6.4.1997, ஞாயிறு

டீச்சர் குரல் மட்டும் வந்தது. “நீங்க அட்டையில எழுதுனத நானும் படிச்சேன் அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.” கொஞ்சம் பொறுத்து, “ஆண்டெனாவக் கழட்டிராதீங்க” என்றார்.

8.4.1997, செவ்வாய்

கடை மேசையில் ஒரு தாள் இருந்தது. பேச்சியின் கையெழுத்து.

“தீபாவளிக்கு முன் அச்சகத்துக்கு ஒரு கிளி லேபிள் வந்தது. வெட்டும் ஓரத்தில் சின்னதாக, தவசி, கழுகுமலை என்று இருந்தது. பெயரைத் தினமும் நான்தான் வெட்டிப் போட்டேன். போய்ப் பார்க்கப் பயம். என்னை வேண்டாம் என்று விட்டவன் முன்னால் எப்படிப் போய் நிற்பது? படம் என்று நீங்கள் சொன்னதும், தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் வேறு கல்யாணம் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. குருவம்மா நல்லவள். ஆனால் பதினோரு வருடம் அவன் மறந்துவிட்டான் என்றே இருந்தேன். அந்த வருடங்களுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?”

பதில் எழுத உட்கார்ந்தேன். “ஒன்றும் செய்ய முடியாது” என்று மட்டும் எழுத முடிந்தது. அதையே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

13.4.1997, ஞாயிறு

காலையில் பேச்சி ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கழுகுமலை என்று செண்பகத்திடம் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட வரட்டுமா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்றாள். இரண்டரை மாதம் பாடுபட்டு ஆண்டெனா நட்ட தூரத்துக்கு முக்கால் மணி நேரப் பஸ்.

செண்பகம் நாளை வருடப் பிறப்புக்கு மாம்பழமும் பூவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நாலு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார். “டிவியப் போடுங்க அண்ணாச்சி. ஒங்களத்தான் கேக்கா.”

போட்டேன். பேச்சி. பக்கத்தில் குருவம்மா. குருவம்மாவின் சின்னப் பிள்ளை பேச்சியின் மடியில்.

மொழி புரியாத ஆளிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கையை அசைத்தாள். இன்று இங்கே தூங்குவேன். நாளை திருநெல்வேலி. எங்களைப் போல் நிறையப் பேர். சாப்பிட்டாயா?

பக்கத்தில் செண்பகம் இல்லை. எல்லாம் எனக்கே புரிந்தது.

சுவிட்சை மாற்றிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன். சாப்பிட்டேன் என்றேன். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க வேண்டும். ‘எப்போது’ இன்னும் படிக்கவில்லை. ‘வீட்டுக்கு வா’ என்று மட்டும் செய்தேன்.

மாற்றினேன். பேச்சி குருவம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன டீச்சர்?” என்றேன்.

“இருங்க, தவசி எழுதிக் காட்டுதாரு. வீட்டுக்கு மழைன்னு சொன்னீங்களாம்.”

பேச்சி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சரியான ‘வா’வைச் செய்து காட்டினாள். விரல்கள் கீழே விழக்கூடாது, தன் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு முறை காட்டினாள். நான் கேமராவுக்கு முன்னால் போய்ச் செய்தேன். திரும்பி வந்து பார்த்தேன். தலையசைத்தாள். பிறகு புதன் என்றாள். கிழமைகள் எனக்குத் தெரியும்.

எந்தப் பஸ் என்று கேட்கத் தெரியவில்லை. புதன்கிழமை கடையைச் செண்பகம் பார்த்துக்கொள்ளட்டும். காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுவிடலாம்.